புதுத் தண்ணீர்

நிலம் வசந்தாமணியின் பேரில் இருந்தது. ஆற்றோரம் நீளமாகக் கிடந்த தோட்டம். கல்யாணத்தின்போது அவளுடைய அப்பன் எழுதிக் கொடுத்தது. அதனால்தான் புருஷன் காளியப்பன் அவளிடம் பேச வேண்டியிருந்தது. மற்ற விஷயங்களில் அவன் அவளிடம் அதிகம் பேசுவதில்லை.

"நெலத்தப் பட்டறைத் தீர்த்தகிரிக்கே குடுத்தர்லாம்," என்றான். "திருச்செங்கோட்டுல போர்வெல் லாரி ஒண்ணுல பங்குக்கு ஆள் தேடறாங்க, அந்தக் காசுல சேந்துக்கலாம். அவனவன் ஊருக்கு ஊரு துளை போட்டுப் பொழைக்கறான். நாம இந்த மணலைப் பாத்துட்டு உக்காந்திருக்கறோம்."

ஆற்றில் இரண்டு வருஷமாகத் தண்ணீர் இல்லை. ஊர் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தது. அவர்கள் கிணற்றில் மோட்டார் போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். பிறகு காற்று வரும். நட்ட மஞ்சள் குருத்திலேயே காய்ந்துவிட்டது.

சேலத்தில் நாலு மாடியில் ஒரு துணிக்கடை திறந்திருந்தார்கள். கடைக்குப் பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. நாலு மாடி என்றால் போதும். அந்தக் கடைக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்பவன் தீர்த்தகிரி. பட்டறை ஊருக்கு மேலே, ஆறு வளையும் இடத்தில் இருந்தது. அடுத்த ஆடிக்குக் கடை இரண்டு மடங்கு சரக்குக் கேட்டது. தீர்த்தகிரிக்கு ஆற்றோரமாக இன்னும் இடம் வேண்டும். ஏன் ஆற்றோரமாக என்று யாரும் கேட்கவில்லை.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் பொறுங்க," என்றாள் வசந்தாமணி. "அதுக்குள்ள ஆறு வந்துட்டா விக்கறதில்ல. வர்லீன்னா கையெழுத்துப் போட்டர்றேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"கன்னிமார்கிட்ட வந்து சொல்றேன்."

கன்னிமார் என்பது கரையில் நட்ட ஏழு கற்கள். அங்கே கொடுத்த சொல்லை ஊரில் யாரும் மீறுவதில்லை. சாட்சிக்குக் காளியப்பனின் அண்ணன் சின்னுசாமி வந்தார். சூடம் கொளுத்தினார்கள். அவள் சொன்னதையே திரும்பச் சொன்னாள்.

"அது செரி," என்றார் சின்னுசாமி. "ஆறு வந்துச்சா வர்லியான்னு ஆரு சொல்றது?"

"கண்ணு இருக்குதில்லீங்க மாமா."

"கண்ணை நம்பித்தான் இவனுக்குப் பொண்ணு பாத்தோம்."

காளியப்பன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஆடி பிறந்ததும் நாலு மாடியின் ஜீப் வந்தது. மேலே ஒலிபெருக்கி. பாதி விலை, பாதி விலை என்று கத்திக்கொண்டு தெருத்தெருவாகப் போனது. மறுநாள் கடையின் பஸ் வந்தது. டிக்கெட் கிடையாது. கொத்து வேலையும் களை வேலையும் போட்டது போட்டபடி கிடக்க, பெண்கள் ஏறினார்கள். பொன்னாயி ஆட்டுப்பட்டியை மகளிடம் விட்டுவிட்டு ஏறினாள். மகள் அத்தாயி பிள்ளை பெற்றுத் தாய் வீட்டில் இருந்தாள். வசந்தாமணியும் ஏறினாள். கன்னிமார் பூசைக்குப் புதுச்சேலை கட்ட வேண்டும்.

முன்பெல்லாம் சேலைதான் ஊருக்கு வந்தது. மருதாசலம் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வருவான். மஞ்சள் விற்றதும் பணம் கொடுத்தால் போதும். பொய் சொல்வான். விலையைக் கூட்டிச் சொல்வான். ஆனால் சாயம் போனால் மறு வாரம் அவனைத் திட்ட முடியும். நாலு மாடி திறந்த வருஷம் அவனுடைய மூட்டையை அவிழ்க்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. மூட்டையோடு வந்து மூட்டையோடு போனான். பிறகு வரவில்லை.

வசந்தாமணி அவனை மூன்றாவது மாடியில் பார்த்தாள். நீலச் சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தான். கால்கள் வீங்கியிருந்தன. கடையில் விற்கிறவர்கள் உட்காரக் கூடாது.

"மருதாசலம், இங்கயா இருக்கறே?"

"சேலை பாருங்க."

"என்னையத் தெரியலியா?"

"தெரியுதுங்க. பேசிட்டிருந்தா சூப்பர்வைசர் வந்துருவான். சேலை பாருங்க."

மேசை மேல் சிவப்புச் சேலைகள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே சிவப்பு. ஒரே கரை.

"சாயம் நிக்குமா?"

மருதாசலம் சுவரில் இருந்த பலகையைக் கண்ணால் காட்டினான். விற்ற பொருள் திரும்ப வாங்கப்படமாட்டாது.

"முன்ன கேட்டா குழந்தை மேல சத்தியம் பண்ணுவியே."

"முன்ன அது என்ற சரக்குங்க."

பின்னாலிருந்து பொன்னாயி முழங்கையால் இடித்தாள். "ஏனுங்கம்மணி, மாப்பிள்ளையா பாக்கறீங்க? சேலைதானுங்களே. எடுத்தா எடுங்க, இல்லீன்னா நவுந்து நில்லுங்க. பஸ் போயிரும்."

எடுத்தாள். எல்லாரும் எடுத்தார்கள். பஸ்ஸில் எல்லார் மடியிலும் ஒரே மஞ்சள் பை. வழியில் பைகளைப் பிரித்துச் சேலையைப் பார்த்துவிட்டு, பையை ஜன்னல் வழியே விட்டார்கள். சாலையோரத்து வேலி முழுக்க அந்தப் பைகள். போன ஆடியில் பொன்னாயியின் கிடா ஒன்று வயிறு உப்பிச் செத்தது. அறுத்துப் பார்த்தபோது உள்ளே மஞ்சள் சுருள் இருந்தது. பொன்னாயிக்குப் படிக்கத் தெரியாது. நிறத்தைப் பார்த்தே எந்தக் கடை என்று சொன்னாள். இந்த வருஷம் பஸ்ஸில் முதலில் ஏறியதும் அவள்தான்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தைய நாள் பொழுது சாயும் நேரத்தில் சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்திருந்தது. இரண்டு முறை மின்னியது. வசந்தாமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காளியப்பன் மலையைப் பார்க்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் போனான். திரும்பி வரும்போது அவனுடைய செருப்பு நனைந்திருந்தது.

விடிந்ததும் யாரோ ஆற்றிலிருந்து கத்தினார்கள். ஆறு வந்துவிட்டது.

ஊர் ஓடியது. மணல் நடுவே அகலமில்லாமல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கணுக்கால் அளவு. செக்கச் சிவப்பு. முன்னால் சருகும் சுள்ளியும் தள்ளிக்கொண்டு வந்தது. நுரைத்தது. புதுத் தண்ணீர் சிவப்பாகத்தான் வரும். நுரையோடுதான் வரும். மலையில் செம்மண் கரைந்தால் அப்படித்தான். கிழவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள்.

வசந்தாமணி புதுச்சேலை கட்டிக்கொண்டு இறங்கினாள். காதோலையும் கருகமணியும் வெற்றிலையில் வைத்துத் தண்ணீரில் விட்டாள். பூப்போட்டாள். தேங்காய் உடைத்தாள். சிவப்புச் சேலைகள் வரிசையாகத் தண்ணீரில் நின்றன. இரண்டு வருஷம் கழித்து வந்த தண்ணீர். எல்லாரும் ஒரு கை அள்ளிக் குடித்தார்கள். அவளும் குடித்தாள். லேசாகத் துவர்த்தது. வறண்ட மணலில் வரும் முதல் தண்ணீர் துவர்க்கும் என்று நினைத்துக்கொண்டாள். செம்பு நிறைய மொண்டு எடுத்துக்கொண்டாள்.

பொன்னாயி பட்டியைத் திறந்து ஓட்டி வந்தாள். மேச்சேரி ஆடுகள். அவையும் சிவப்பு. முட்டிக்கொண்டு குடித்தன.

காளியப்பன் கரையிலேயே நின்றான். மாடுகள் தண்ணீரைப் பார்த்து இழுத்தன. அவன் மூக்கணாங்கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மாட்டை எறக்கலீங்களா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"சளி புடிக்கும்."

"உங்களுக்குமா?"

அவன் மாடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தோற்றுப்போன கோபம் என்று நினைத்தாள்.

மத்தியானம் தண்ணீர் நின்றுவிட்டது. ஆறு வந்தால் இப்படி நிற்காது. மணலில் அங்கங்கே குட்டை. குட்டைகளின் விளிம்பு ஊதா நிறத்தில் காய்ந்தது.

அவள் கிணற்றடியில் சேலையை அலச உட்கார்ந்தாள். வாளியில் கிணற்றுத் தண்ணீர். அடி தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். சேலையை முக்கினாள். சிவப்பு இறங்கியது. தண்ணீரை மாற்றினாள். மறுபடியும் இறங்கியது. மூன்றாவது வாளியை அவள் கொட்டவில்லை. வீட்டுக்குள் போய்ச் சாமி மாடத்தில் வைத்த செம்பை எடுத்து வந்தாள். வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே நிறம். முகர்ந்தாள். ஒரே வாடை. செம்மண் தண்ணீர் என்றால் இதற்குள் மண் அடியில் தங்கியிருக்க வேண்டும். செம்பின் அடியில் ஒன்றும் தங்கவில்லை.

பட்டறைக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. நாலு மாடிக்காக அலசிய தண்ணீரெல்லாம் அதில்தான் கிடந்தது. மலையில் மின்னியதும் மடையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீரோடு போய்விடும் என்று. மழை வரவில்லை. அது மட்டும் வந்தது.

காளியப்பன் வந்து நின்றான். வாளியைப் பார்த்தான். செம்பைப் பார்த்தான்.

"கையெழுத்து எப்பப் போடறே?"

"ஆறு வந்துச்சுங்களே."

"வந்துச்சா?"

"ஊரே பாத்துச்சு."

"வந்தது என்னன்னு உனக்குத் தெரிஞ்சு போச்சு."

"உங்களுக்கு நேத்தே தெரியும். மாட்டுக்குச் சளி புடிக்கும்னீங்க. எனக்குப் புடிக்கும்னு சொல்லலியே."

அவன் பல்லைக் கடித்தான்.

"வந்தது ஆறில்லீன்னா போயி ஊர்ல சொல்லுங்க," என்றாள். "தீர்த்தகிரியோட சாயம்னு சொல்லுங்க. ஊரு அந்தப் பட்டறைய உட்டு வெக்குமா? அப்பறம் ஆருக்கு விப்பீங்க?"

"நீ சொல்லேன். நல்லவதானே நீ. சொல்லு. சொன்னா உன்ற வாயாலயே ஆறு வர்லீன்னு ஆயிரும். நெலம் போயிரும்."

அவள் சேலையைப் பிழிந்து கொடியில் போட்டாள். அவன் சாப்பிட உட்கார்ந்தான். சோறு போட்டாள். இருவரும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஊருக்குள் பெண்கள் குடம் குடமாக ஊற்றிலிருந்து எடுத்துப் போனார்கள். ஊற்றுத் தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருந்தது. புதுத் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் என்றார்கள்.

காளியப்பனின் வீட்டுக்கு மட்டும் குடி தண்ணீர் கிணற்றிலிருந்து வந்தது.

பொன்னாயியின் ஆடுகள் முதலில் கழிந்தன. பிறகு படுத்தன. ஒவ்வொன்றாகச் செத்தன. கன்னிமாருக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று பொன்னாயி கோழி அறுத்தாள். செத்த ஆடுகளைப் புதைக்க ஆற்று மணலிலேயே குழி தோண்டினாள்.

வசந்தாமணி ஊற்றுக்குப் போனாள். அத்தாயி கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் தண்ணீரைச் சேந்திக் குழந்தை மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். குழந்தையின் தொடையெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. பொன்னாயி குடத்தோடு பக்கத்தில் நின்றாள். ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தார்கள்.

"அந்தத் தண்ணிய ஊத்தாதே," என்றாள் வசந்தாமணி. "ஆருமே குடிக்காதீங்க. அது ஆறில்ல. பட்டறைச் சாயம்."

யாரும் எழவில்லை.

"சாமிக்குப் பூப்போட்ட தண்ணியச் சாயங்கறீங்களே," என்றாள் ஒருத்தி.

"எங்க ஊட்டுக்காரரு பட்டறைக்குத்தான் வேலைக்குப் போறாரு. அவுரு ஒண்ணும் சொல்லலியே," என்றாள் இன்னொருத்தி.

வசந்தாமணி கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்திருந்தாள். சட்டியில் ஊற்றினாள். புதுச்சேலையின் முந்தானையை அதில் விட்டாள். சிவப்பு நூல் நூலாக இறங்கியது. சட்டியை ஊற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பார்த்தார்கள்.

"அப்ப இந்தச் சேலையத் தூக்கி எறிஞ்சர்றதாக்கும்?" என்றாள் முதலில் பேசியவள். "உங்க பொட்டியில அடுக்கி வெச்சிருப்பீங்க. எங்களுக்கு ஆடிக்கு ஒண்ணுதான். அதும் பாதி விலைக்கு."

"சேலையச் சொல்லல. தண்ணியச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுன்னு நீங்கதானுங்க இப்பக் காட்டுனீங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

பொன்னாயி சிரிக்கவில்லை. குடத்திலிருந்த தண்ணீரை மணலில் கவிழ்த்தாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"பதினெட்டு நோம்பி அன்னிக்கே."

"அன்னிக்கே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"என்ற ஆடு நேத்தைக்குத்தானுங்க சாக ஆரம்பிச்சுது."

அத்தாயி குழந்தையைத் துண்டில் சுற்றினாள். தாயும் மகளும் மேடேறிப் போனார்கள். வசந்தாமணியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர் பட்டறையை மூடிவிடும் என்று காளியப்பன் பயந்தான். மூடிவிடும் என்று வசந்தாமணி நம்பினாள். இருவருக்கும் ஊரைத் தெரியவில்லை. பெரியவர்கள் நாலு பேர் பட்டறைக்குப் போனார்கள். தீர்த்தகிரி அவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்தான். குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். தெரியாமல் மடை உடைந்துவிட்டது என்றான். வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுத்தனுப்பினான். நாலு மாடியில் அதைக் காட்டினால் பாதி விலையிலும் பாதி. பெரியவர்கள் சீட்டுகளை வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஆடு செத்ததற்காகப் பொன்னாயிக்கு இரண்டு.

சின்னுசாமி தம்பி வீட்டுக்கு வந்தார்.

"ஏம்மிணி, ஆறு வர்லீன்னு நீயே சொல்லிப்போட்டே."

"சொன்னேனுங்க மாமா."

"அப்ப?"

"சொன்ன சொல்லு சொன்னதுதான். கன்னிமார்கிட்ட வெச்சே போடறேன். பத்திரத்தோட வரச் சொல்லுங்க."

வந்தார்கள். தீர்த்தகிரி வெள்ளை வேட்டி சட்டையில் வந்தான். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே சேலை. "அக்காளுக்கு," என்று நீட்டினான். அவள் வாங்கவில்லை. அதை ஒரு கல்லின் மேல் வைத்தான். சின்னுசாமி சூடம் கொளுத்தினார். பத்திரத்தை ஒரு பலகை மேல் விரித்து, பேனாவைத் திறந்து நீட்டினார்.

வசந்தாமணி முந்தானைக்குள்ளிருந்து செம்பை எடுத்தாள். வாயை வாழை இலையால் கட்டியிருந்தாள். அவிழ்த்தாள். ஆடிப் பதினெட்டன்று மொண்ட தண்ணீர். நிறம் கொஞ்சமும் மங்கவில்லை.

"என்னது இது?" என்றார் சின்னுசாமி.

"தீர்த்தமுங்க மாமா. அன்னிக்கு ஊரே குடிச்சுது. நானும் குடிச்சேன். கன்னிமாரும் குடிச்சாங்க. உங்க தம்பியும் அவுரு மாடும்தான் பாக்கி."

"கிறுக்கு," என்றான் காளியப்பன்.

"மாட்டை உட்டர்லாம். நீங்க குடிங்க. நான் போட்டர்றேன்."

"அப்பிடியெல்லாம் பேச்சில்ல."

"இது ஆறுன்னா குடிக்கறதுக்கு என்னங்க? ஆறில்லீன்னா எங்களையெல்லாம் எதுக்குக் குடிக்க உட்டீங்க?"

தீர்த்தகிரி தொண்டையைச் செருமினான். "அதெல்லாம் எதுக்குங்க அக்கா. குடிக்கறதுக்கு வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?" என்று அவனைக் கேட்டாள்.

அவன் ஆற்றைப் பார்த்தான்.

"அன்னிக்கு ஊரு அள்ளிக் குடிக்கறப்ப இதைச் சொல்ல ஆளைக் காணோம்."

காளியப்பன் அவளையே பார்த்தான். அவன் குடிக்க மாட்டான், பேனா மூடப்படும், நிலம் நிற்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அவனுக்கும் அது தெரிந்தது. அவள் நினைத்ததைத் தெரிந்துகொண்டதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. முகத்தில் தெரிந்தது. செம்பைப் பிடுங்கினான்.

"டேய்," என்றார் சின்னுசாமி.

குடித்தான். அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசிவரை. கழுத்து வழியாக வழிந்து சட்டையில் இறங்கியது. செம்பைக் கன்னிமார் முன்னால் கவிழ்த்து வைத்தான். பல் சிவந்திருந்தது.

"போடு," என்றான்.

அவள் ஐந்தாவது வரை படித்தவள். பேனாவை வாங்கி அப்பன் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து, நிதானமாக, முழுப்பெயரையும் எழுதினாள். தீர்த்தகிரி குனிந்து ஊதி மை காய வைத்தான்.

மேட்டுச் சாலையில் நாலு மாடியின் பஸ் நின்றது. ஆடி கடைசி வாரம். பெண்கள் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். பொன்னாயி இரண்டு சீட்டோடு படியில் நின்றாள். இடுப்பில் பேரப் பிள்ளை. வசந்தாமணி கரையிலிருந்து வருவதைப் பார்த்தாள். உள்ளே போய் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எடம் இருக்குதுங்கக்கா, ஏறுங்க," என்றான் கண்டக்டர்.

அவள் ஏறவில்லை. பஸ் போனது. பின்னால், மைல் கல்லைப் பிடித்துக்கொண்டு காளியப்பன் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. நின்று நின்று எடுத்தான். என்ன நிறம் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.